பார்க்கில் போட்டு இழுக்கலாம்: மோட்டார் ஹோமின் பின்னால் ஒரு ராங்ளர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் பக்கம் போனால், பஸ் அளவு மோட்டார் ஹோம்களின் பின்னால் ஜீப் ராங்ளர்கள் ஆளில்லாமல் உருண்டு வருவதைப் பார்க்கலாம். டிரெய்லர் கிடையாது, நான்கு சக்கரமும் தரையில். கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் ஷேஃபர் டிரெயில் மாதிரி செங்குத்து மண்பாதையில் வீட்டையே இறக்க முடியாதே! நண்பரின் பெட்ரோல் மோட்டார் ஹோமில் நான்கு கதவு ராங்ளரைக் கட்டிக்கொண்டு, கிராண்ட் ஜங்ஷனிலிருந்து மோவாப் வரை மாறி மாறி ஓட்டினோம்.

இந்த வேலைக்கு ராங்ளரைத் தேடிப் பிடிப்பதன் ரகசியம், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவர். மஹிந்திரா தார் ஓட்டியவர்களுக்கு அது பழக்கமானதுதான்: டூ-ஹை, ஃபோர்-ஹை, நியூட்ரல், ஃபோர்-லோ. சாதாரண ஆட்டோமேட்டிக் காரை இன்ஜின் அணைத்து இழுத்தால், சக்கரம் கியர்பாக்ஸைச் சுற்றும். எண்ணெய் பம்ப் மட்டும் ஓடாது. உள்ளே காய்ந்து தேய்ந்துவிடும். ராங்ளரில் அந்தக் குட்டி லீவரால் ட்ரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸின் சுழற்சியை இரண்டு ஆக்ஸிலுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் தள்ளினால் இரண்டு ஆக்ஸிலும் கியர்பாக்ஸிலிருந்து விடுபடுகின்றன. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் போட்டே இழுக்கச் சொல்கிறது கையேடு. முதல்முறை கேட்கும்போது வயிற்றைக் கலக்கும்.

லீவர் லேசில் அசையாது. கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும். "விழுந்துருச்சுன்னு நம்பாதடா, போட்டுப் பாரு" என்றார் நண்பர். இன்ஜினை ஓடவிட்டு, ரிவர்ஸில் போட்டு பிரேக்கை விட வேண்டும், பிறகு டிரைவில். வண்டி இம்மியும் நகரக் கூடாது. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் கியர்பாக்ஸுக்குச் செலவழிப்பவர்கள். இன்னொன்று: இந்த நிலையில் பார்க் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஹேண்ட் பிரேக் போடாமல், இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பாரின் பின்னை உருவினால், ஜீப் தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும்.

இழுவையில் பெரிய குறையில்லை. ஏறக்குறைய 2 டன் பின்னால் வருவது ஏற்றத்தில் தெரிகிறது, சமதளத்தில் மறந்தே போகிறது. பெட்ரோல் மோட்டார் ஹோம்கள் பலவற்றின் ஹிட்ச் வரம்பு 5,000 பவுண்டுதான், அதாவது சுமார் 2,270 கிலோ. ராங்ளரில் ஆசை ஆசையாக இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டியவர்கள் எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

பிரேக்குக்குத் தனிப் பெட்டி. ஓட்டுநர் காலடியில் உட்கார்ந்து, முன்வண்டி வேகம் குறைந்ததும் ஜீப்பின் பெடலை அழுத்துகிறது. பெட்டியை வைக்கும்முன் பெடலை நாலைந்து முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பிடி அளவுக்கு மீறிவிடும். டோ பார், அதை ஜீப்பில் மாட்டும் பேஸ் பிளேட், விளக்கு ஒயரிங், இந்தப் பெட்டி, கூலி என்று கூட்டினால் சில ஆயிரம் டாலர். ஜீப் வாங்கும்போது யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

எனக்குப் பிடிக்காதது ரிவர்ஸ். சில அடி பின்னால் தள்ளினாலே ஜீப்பின் முன்சக்கரம் ஒரு பக்கமாக முழுசாக முறுக்கிக்கொள்ளும். டோ பார் வளையும். தவறான பெட்ரோல் பங்கில் நுழைந்துவிட்டால் இறங்கி அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் சரிவிலோ திருப்பத்திலோ நின்றால் டோ பாரின் பின் இறுகிக்கொள்ளும். ஜீப்பை முன்னும் பின்னும் ஓரங்குலம் அசைத்துத்தான் உருவ வேண்டும். தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு இது ரோதனை. ஒரே கேம்பில் மூன்று, நான்கு நாள் தங்கிச் சுற்றுகிறவர்களுக்கு வரம்.

ஃபோர்-வீல் டிரைவ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரே மாடலிலேயே வித்தியாசம் உண்டு: முந்தைய தலைமுறை ஜீப் கிராண்ட் செரோக்கியில் குவாட்ரா-டிராக் 2 என்ற ஃபோர்-வீல் அமைப்பு உள்ளதை இழுக்கலாம், நியூட்ரல் இல்லாத குவாட்ரா-டிராக் 1 உள்ளதை இழுக்கக் கூடாது. பழைய வண்டி பார்க்கப் போனால், லீவரோ பட்டனோ நியூட்ரல் எங்கே என்று விற்பவரிடமே காட்டச் சொல்லுங்கள்.