‘தி கிவர்’ நாவலில் சொற்றுல்லியம்

லோயிஸ் லோரி 1993ஆம் ஆண்டு வெளியிட்டு, மறு ஆண்டில் நியூபெரி பதக்கம் பெற்ற ‘தி கிவர்’ நாவலில் நிறமும் நினைவும் நீக்கப்பட்ட சமூகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். மொழி கற்பிப்போரை உறுத்த வேண்டியது, அச்சமூகம் சிறுவர்மீது சுமத்தும் சொற்றுல்லியம். மூன்று வயது ஆஷர் சிற்றுண்டிக்குரிய ஆங்கிலச் சொல்லை ஓரெழுத்துப் பிறழ ஒலிக்க, அது ‘அடி’ எனப் பொருள்பட்டு, அடியே கிடைக்கிறது. குழந்தை சில காலம் பேச்சையே நிறுத்திவிடுகிறான். தன்மீது அன்புண்டா என வினவும் ஜோனஸையும் பெற்றோர் திருத்துகின்றனர், அச்சொல் பொருளற்றதாம்!

ஆனால், இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை ஊசியிட்டுக் கொல்வதற்கு அங்கு வழங்கும் பெயர் ‘விடுவித்தல்’. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த மங்கலத்தோடு இதனை ஒப்பிடலாகாது. ‘துஞ்சினார்’ என்போரும் கேட்போரும் இறப்பை அறிவர். இங்கோ, ஊசியிடும் தந்தைக்கே தாம் செய்வது கொலை என்பது விளங்கவில்லை. நாவலின் வன்மை முழுதும் இவ்விடத்தில்தான் உள்ளது.

பனிச்சரிவில் ஜோனஸ் பிழைத்தானா என்னும் ஐயத்தோடு நாவல் முடிகிறது. 2004இல் வந்த ‘மெசஞ்சர்’ அவன் உயிருடனிருப்பதை உணர்த்த, 2012இல் வந்த ‘சன்’ அதனை உறுதிசெய்தது. அவ்வையத்தை வாசகரிடமே விட்டிருக்கலாம்.