காம்யுவின் கருணையும் ஒரான் நகரத்து அரபியரும்

இறை நம்பிக்கையைத் துணைக்கு அழைக்காமல், மனிதன் மனிதனிடத்துக் கொள்ளும் இரக்கத்தை மட்டுமே அடித்தளமாகக் கொண்டு ஓர் அறநெறியை எழுப்ப இயலுமா? சென்ற நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனையாளர் பலரையும் அலைக்கழித்த கேள்வி இது. தத்துவ நூல் எழுதி விடை தேடியோர் உண்டு. ஆல்பெர் காம்யு ஒரு நாவல் எழுதித் தேடினார். 1947 இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'கொள்ளை நோய்' என்னும் அந்நூலை, நம்பிக்கையற்றவரின் எழுத்து என்று கூறி நம்மவருள் சிலர் தொடாமலே ஒதுக்கி விடுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. நம்மோடு உடன்படாதவன் நேர்மையாகச் சிந்திக்கும்போது அவனுக்குச் செவி சாய்ப்பது நமக்கு இழுக்கன்று.

கதை அல்ஜீரியாவின் துறைமுக நகரமாகிய ஒரானில் நடக்கிறது. முதலில் எலிகள் செத்து விழுகின்றன, பின்பு மனிதர்கள். நகர வாயில்கள் அடைக்கப்படுகின்றன. டாக்டர் ரியூ இரவு பகலாக நோயாளிகளைக் கவனிக்கிறார். தாரூ என்பவர் தொண்டர் படை திரட்டுகிறார். ஊர் செய்த பாவத்தின் பலனே இந்நோய் என்று பிரசங்கிக்கிறார் பனலூ பாதிரியார். நீதிபதி ஒத்தோனின் சிறு மகன் அணு அணுவாகத் துடித்துச் சாவதைப் பாதிரியாரும் டாக்டரும் அருகிருந்தே காண்கின்றனர். குழந்தைகள் வதைபடும் ஒரு படைப்பைத் தம்மால் நேசிக்க இயலாது என்று வெடிக்கிறார் ரியூ. ஆயினும் பாதிரியாரின் கையை அவர் விட்டு விடவில்லை. நீங்களும் நானும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம் என்ற உணர்வு அக்கைப்பிடியில் இருக்கிறது. நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே என்பது நமது துணிபு.

இறைவனின்றி ஒருவர் புனிதராக முடியுமா என்று கேட்கிறார் தாரூ. புனிதராவதில் தமக்கு நாட்டமில்லை, மனிதனாக இருப்பதே தமக்குப் போதும் என்கிறார் ரியூ. நாவலில் பெரிய வார்த்தைகள் இல்லை. தன் கடமையைச் செய்வதே நாணயம் என்பதற்கு மேல் ரியூ எதுவும் கோருவதில்லை. கிரான் என்றொரு எளிய குமாஸ்தா வருகிறார். தாம் எழுத எண்ணிய நூலின் முதல் வாக்கியத்தையே முடிக்க இயலாதவர். எனினும் பணி முடிந்து வந்து இறந்தோரின் கணக்கை ஓசையின்றி எழுதுகிறார். இக்கதைக்கு ஒரு வீரன் வேண்டுமெனில் அவரையே காட்டுவேன் என்கிறார் கதை சொல்பவர். மேடையேறிச் சேவை பேசுவோர் நிறைந்த நம் நாளில் இந்தக் குமாஸ்தாவை நாம் மறக்கலாகாது.

இவ்வளவும் சொல்லிய பின்னரே நமது குறையைச் சொல்ல வேண்டும். பல்லாயிரம் முஸ்லிம்கள் வாழ்ந்த நகரம் ஒரான். நாவலிலோ பெயர் கொண்ட அரபி ஒருவர்கூட இல்லை! கள்ளத்தனமாக ஊரைக் கடத்தி விடும் ஸ்பானியருக்குக்கூடப் பெயர் இருக்கிறது. காம்யுவின் 'அந்நியன்' நாவலில் கடற்கரையில் சுடப்பட்டு மாளும் அரபிக்கும் பெயரில்லை என்பதை வாசகர் அறிவர். (அவனுக்கு மூஸா என்று பெயரிட்டு, அவன் தம்பியின் வாயால் மறுகதை சொல்ல, 2013 இல் கமால் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் வர வேண்டியிருந்தது.)

இதில் வியப்பு என்னவெனில், அரபியரைப் பற்றிய கேள்வி நாவலின் தொடக்கத்திலேயே எழுகிறது. பாரிசிலிருந்து வந்த பத்திரிகையாளர் ராம்பேர், அரபியரின் வாழ்க்கை நிலையை ஆராயவே ஒரானுக்கு வந்தவர். முழு உண்மையையும் எழுத உங்களுக்கு உரிமை உண்டா என்று வினவுகிறார் ரியூ. இல்லை என்றதும், அரைகுறைச் சாட்சியத்துக்குத் தாம் உதவ இயலாது என மறுத்து விடுகிறார். பின்பு ராம்பேர் ஊரை விட்டுத் தப்ப முயல்கிறார். வாய்ப்புக் கைகூடிய வேளையில், தாம் மட்டும் இன்பமாக இருப்பது வெட்கம் என்று தங்கித் தொண்டு செய்கிறார். வாசகர் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அவர் எதற்காக வந்தாரோ அந்த வேலை என்னவாயிற்று? அவரும் கேட்கவில்லை, ரியூவும் கேட்கவில்லை.

இந்நோய் ஜெர்மானிய நாஜி ஆதிக்கத்தின் உருவகமே, ஆதலின் அரபியரைத் தேடுவது பொருந்தாது என்று சிலர் வாதிடுவர். நாஜிசத்துக்கு எதிரான ஐரோப்பியப் போராட்டமே நாவலின் வெளிப்படையான பொருள் என்று 1955 இல் ரோலான் பார்த்துக்கு எழுதிய கடிதத்தில் காம்யுவும் குறித்தார். இருக்கட்டும். உருவகத்துக்குப் பெயரில்லாத ஊர் ஒன்று போதுமே! தெருவும் கடற்கரையும் டிராம் வண்டியும் உள்ள மெய்யான ஒரானைத் தேர்ந்தவர், அதன் மக்களுள் ஒரு பகுதியாரை மட்டும் உருவகத்தின் பெயரால் வெளியேற்றுவது நியாயமாகாது.

காம்யுவைக் கல்நெஞ்சர் என்று எவரும் கூற முடியாது. 1939 ஜூனில் கபீலிய மலைப் பகுதியின் பஞ்சத்தை நேரில் கண்டு 'அல்ஜே ரெபுப்ளிக்கேன்' இதழில் தொடராக எழுதியவர் அவர். குப்பைத் தொட்டி உணவுக்குச் சிறுவர்கள் நாய்களோடு போராடிய காட்சியை உலகறியச் செய்தவரும் அவரே. நிருபராகச் சென்றபோது கண்ட மக்களை நாவலாசிரியராக அமர்ந்தபோது ஏன் காணவில்லை? நமக்குத் தோன்றுவது இது. ரியூவின் அறம் எதிரே கிடக்கும் நோயாளியைத் தொட்டு எழும் இரக்கம். அதுவே அதன் மேன்மை. எதிரே வராதவனைத் தேடிச் செல் என்று அவ்வறத்தைப் பணிக்கும் குரல் எதுவும் அதனுள்ளே இல்லை. அவனுக்கு நம்மிடம் ஓர் உரிமை உண்டு என்ற எண்ணமும் இல்லை. இரக்கத்தோடு உரிமையும் சேர்ந்தாலன்றி, நம்பிக்கை சாரா அறநெறி தன் அண்டை வீட்டோடு நின்று விடும். நம்பிக்கையுடையோரும் இக்குறைக்கு விலக்கல்லர். பனலூவின் பிரசங்கத்திலும் அரபியர் இல்லை.

நாவலில் சாவு மிகும்போது அடக்கச் சடங்குகள் சுருங்குகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு குழிகள், பின்பு ஒரே குழி, இறுதியில் எரியூட்டல். அந்நகரத்து முஸ்லிம்கள் தம் ஜனாஸாவை நெருப்புக்குக் கொடுக்க நேர்ந்தபோது என்ன உணர்ந்தனர் என்ற கேள்வி காம்யுவின் பேனாவுக்கு எட்டவேயில்லை. நமக்கோ அது ஏட்டுக் கேள்வியன்று. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு, கோவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என விதித்தது. நல்லடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் விதி தளரவில்லை. பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழந்தையும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெண் துணிகளைக் கட்டித் தம் துயரைக் காட்டினர். அவர்களுள் முஸ்லிமல்லாதோரும் இருந்தனர். 2021 பிப்ரவரி இறுதியில் விதி நீங்கிற்று. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று.

ஒரானில் சடலங்களை ஏற்றிய டிராம்கள் இரவில் கடலோரமாகச் செல்கையில், மக்கள் பாறைகளில் ஒளிந்து நின்று அவற்றின்மீது மலர்களை எறிந்ததாகக் காம்யு எழுதுகிறார். அவ்வண்டிகளில் சென்ற அரபியர் எத்தனை பேர் என்பதை, இறந்தோர் கணக்கெழுதிய கிரானும் நமக்குச் சொல்லவில்லை.