முதிர்ச்சியும் கறுப்பாடையும்

உடுப்பது அவரவர் விருப்பம் என்று சொல்வது எளிது. ஆயின் எந்த வயதில் எதை உடுக்கலாம் என்ற தீர்ப்பைச் சமுதாயமே வழங்குகிறது. இங்கிலாந்தில் இருபது வயதுப் பெண்ணொருத்தி தலை முதல் கால்வரை கறுப்புடுத்து, முகத்தை வெளுப்பித்து, கண்களைச் சுற்றிக் கருமை தீட்டிக்கொண்டால், அதனை இளமைக்கோலம் என்று பலரும் பொறுத்துக்கொள்வர். அவளே ஐம்பது வயதில் அவ்வாறு நடமாடினால் நகைப்பர். ‘கோத்’ எனப்படும் உபகலாசாரத்தில் இளமையிற் புகுந்தோர் பலர் இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டியுள்ளனர். தம் கோலத்தைக் கைவிட மறுக்கும் இவர்களை எவ்வாறு மதிப்பிடுவது? சமுதாய மாற்றத்தில் நாட்டமுடையோருக்கு இவ்வினா அற்பமாகத் தோன்றலாம். அற்பமன்று என்பதே எமது கருத்து.

முதலில் தோற்றுவாயை நோக்குவோம். 1976ஆம் ஆண்டளவில் எழுந்த ‘பங்க்’ இசையலையின் பின்விளைவாகவே இப்போக்கு உருவாயிற்று. நோர்தாம்ப்ரன் நகரத்து இளைஞர் நால்வர் 1978இல் ‘பௌஹவுஸ்’ என்ற குழுவை அமைத்தனர். திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரைத் தாங்கி 1979இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டு இவ்வுபகலாசாரத்தின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் ‘பற்கேவ்’ என்ற இரவுக்கூடம் திறக்கப்பட்டது. இவ்வாண்டுகளை நாட்டின் வரலாற்றோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். 1979 மே மாதத்தில் தட்சர் ஆட்சிப்பீடம் ஏறினார். 1982இன் தொடக்கத்தில் பிரித்தானியாவின் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டிற்று. எதிர்காலம் ஒளிமயமானது என்று ஆட்சியாளர் முழங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒருசாரார் துக்க உடையணிந்து தெருவுக்கு வந்தனர். அத்துக்கத்துக்கு அவர்கள் அரசியல் விளக்கம் கூறவில்லை என்பது உண்மை. எனினும், விளக்கப்படாத காரணத்தால் ஓர் உணர்வு காரணமற்றதாகிவிடாது.

இவ்விடத்தில் இடதுசாரி விமரிசகர் சிலரது அவசரத் தீர்ப்பொன்றைக் கவனித்தல் தகும். கல்லறை, வௌவால், சிலுவை, சாவு என்பவற்றில் திளைக்கும் கலை முதலாளித்துவத்தின் நசிவுக்காலக் கலை என்று கூறி விடயத்தை முடித்துவிடுவது அவர்களது வழக்கம். ஆனால், உழைப்பாளியின் உயிரைக் குடித்து வாழும் மூலதனத்தை இரத்தம் உறிஞ்சும் பேயாக உருவகித்தவர் மார்க்ஸ் அல்லவா? இருண்ட கற்பனையெல்லாம் பிற்போக்கானது என்ற சூத்திரம் அவரிடத்தில் இல்லை. அச்சூத்திரம் அரசின் கையிற் சேர்ந்தபோது நிகழ்ந்ததையும் நாம் மறைத்தலாகாது. கிழக்கு ஜேர்மனியில் 1980களில் கறுப்பாடை பூண்ட இளைஞரை இரகசியப் பொலிசார் கண்காணித்தனர். அந்நாட்டின் பகுதியாகவிருந்த லைப்சிக் நகரில்தான் 1992 முதல் ‘வேவ்-கோதிக்-ட்ரெஃபன்’ என்ற விழா நடைபெற்று வருகிறது. பெந்தெகொஸ்தே நாட்களில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கு கூடுகின்றனர். அவர்களுள் நரைத்த தலையினரும் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் அழைத்துவருவோரும் உளர்.

உபகலாசாரங்களை ஏளனஞ் செய்யாது ஆராய முன்வந்த முதற் சிந்தனையாளருள் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துச் சமகாலப் பண்பாட்டாய்வு நிலையத்தினர் முக்கியமானவர். ஸ்ருவேட் ஹோலின் தலைமையில் அவர்கள் நடத்திய ஆய்வுகள் 1970களில் வெளியாயின. டிக் ஹெப்டிஜ் உபகலாசாரமும் கோலத்தின் பொருளும் பற்றி எழுதிய நூல் 1979இல் வந்தது. தொழிலாளர் குடும்பத்து இளைஞர் தம் வர்க்க வாழ்வின் முரண்பாடுகளை உண்மையில் தீர்க்க இயலாது, உடையிலும் இசையிலும் கற்பனையாகத் தீர்த்துக்கொள்கின்றனர் என்பது அவர்களது அடிப்படைக் கருத்து. அவ்வெதிர்ப்புக் கோலமும் விரைவில் சந்தைப் பண்டமாகித் தன் கூர்மையை இழந்துவிடும் என்றனர். இவ்விளக்கம் ஆழமானது. ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. உபகலாசாரத்தை அவர்கள் இளைஞரின் விடயமாகவே கண்டனர். அவ்விளைஞர் முப்பது வயதில் யாதாவர், ஐம்பதில் யாதாவர் என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை.

அவ்வினாவை எழுப்பியவருள் ஒருவர் போல் ஹொட்கின்சன் என்ற சமூகவியலாளர். தாமே கோத் கூட்டத்தில் உறுப்பினரான அவர், 2002இல் வெளியிட்ட நூலில் இவ்வுபகலாசாரத்தின் உறுதிப்பாட்டுக்கு நான்கு அடையாளங்களைக் கூறினார். ஏனையோரினின்றும் தொடர்ந்து வேறுபட்டு நிற்கும் சுவை, குழுவுணர்வு, நீடித்த ஈடுபாடு, தம் இசை வெளியீடுகளையும் சஞ்சிகைகளையும் நிகழ்ச்சிகளையும் தாமே நடத்தும் தன்னாட்சி என்பனவே அவை. 2011இல் எழுதிய கட்டுரையில் முதிர்ந்தோரை ஆராய்ந்தார். தொழிலும் பிள்ளைகளும் வந்தபின் அவர்களது கோலம் சற்று அடங்குகிறது. இரவுக்கூடங்களுக்குச் செல்வது குறைகிறது. ஆனால் அவர்கள் தனித்தனியே வயதடைவதில்லை; கூட்டாகவே வயதடைகின்றனர். முதுமையின் மாற்றங்களைக் கூட்டமே தன்னுள் ஏற்று இயல்பாக்கிக்கொள்கிறது. இளமையைப் பற்றிக்கொண்டு தொங்குவோர் என்ற பழிக்கு இதனினும் தெளிவான மறுமொழி தேவையில்லை. அவர்கள் பற்றிக்கொண்டிருப்பது ஒருவரை ஒருவரையே.

எனினும் ஹொட்கின்சனிடமும் நாம் முழுமையாக உடன்பட முடியாது. ஈடுபாட்டை அவர் நுணுக்கமாக வருணிக்கிறார்; அதனை நெருக்கும் பொருளாதாரத்தை அத்துணை வன்மையாக வினவவில்லை. ‘வயதுக்கேற்ற உடை’ என்பது யாருடைய தேவை? முதலாளித்துவ சமுதாயத்தில் முதிர்ச்சி என்பது பெரும்பாலும் வேலைக்கமர்த்தத் தக்க நிலையையே குறிக்கிறது. இளமைக் கலகத்துக்குச் சில ஆண்டு தவணை அளிக்கப்படுகிறது. பின்னர் வங்கியின் முகப்பிலும் கடையின் மேசையிலும் நிற்பதற்குரிய முகத்தை அணிந்துகொள்ள வேண்டும். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் ஒன்பது தன்மைகளுள் இத்தகைய கோலம் இடம்பெறவில்லை. ஆகவே, சொந்தத் தொழில் செய்வோரும் உடையைப் பற்றிக் கேள்வி எழாத பதவியினரும் எளிதில் கோத்தாக முதிரலாம். சீருடை அணிந்து கூலிபெறும் தொழிலாளி பெண்ணுக்கு அது அரிது. ஒருவர் விட்டுவிட்டதும் மற்றவர் தொடர்ந்ததும் மனவுறுதியின் ஏற்றத்தாழ்வினால் மாத்திரமன்று, கூலியின் நிபந்தனைகளாலுமாம்.

சந்தை இக்கோலத்தையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க விற்பனைக் கூடங்களில் 1989இல் தொடங்கிய ‘ஹொட் ரொப்பிக்’ போன்ற கடைகள் கலகத்தை அளவு வாரியாக அடுக்கி விற்றன. இக்கூட்டத்தார் விரும்பியணியும் ‘டொக்டர் மார்ட்டின்ஸ்’ சப்பாத்து 1960இல் நோர்தாம்ப்ரன் மாவட்டத்தில் தொழிலாளரின் காலணியாகத் தோன்றியது. 2003இல் அதன் உற்பத்தி பெரும்பாலும் சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் பெயர்க்கப்பட்டது; 2021இல் அந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் ஏறிற்று. சப்பாத்தின் தோற்றம் மாறவில்லை. அதைத் தைத்த கைகள் மாறின. முதிர்ந்த ஈடுபாடு பண்டங்களைச் சேர்ப்பதாகச் சுருங்குமாயின், ஹெப்டிஜின் தீர்ப்பு மெய்யாகிவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. ‘தி கியோர்’ குழுவின் றொபேட் ஸ்மித் தம்மைக் கோத் என அழைப்பதை ஏற்பதில்லை; ஆயினும் இக்கூட்டத்தினர் அவரைத் தம்மவராகவே கொள்வர். அறுபதைக் கடந்த அவர் 2023இல் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்குக் குறைந்த விலையில் நுழைவுச்சீட்டு வழங்க முயன்றார். சீட்டு விற்ற ‘ரிக்கற்மாஸ்ரர்’ நிறுவனமோ சீட்டின் விலைக்கு நிகரான கட்டணங்களை அதன்மேற் சுமத்திற்று. அவர் வெளிப்படையாகக் கண்டித்தபின் அந்நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொடுக்க உடன்பட்டது. இது புரட்சியன்று. எனினும் தன் கூட்டத்துக்குக் கடமைப்பட்ட ஒரு கலைஞனின் செயல் என்பதில் ஐயமில்லை.

குறைகளைக் கூறாது விடுவதும் விமரிசனமாகாது. இக்கூட்டத்தினர் பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வர்க்கத்தினர். வெளிறிய முகத்தை அழகின் இலக்கணமாகக் கொண்ட ஓர் உபகலாசாரத்தில் கறுப்பினத்தவர் தம் இடத்தைப் போராடியே பெறவேண்டியிருந்தது. அன்றியும், துயரை அழகாக அணியக் கற்ற ஒருவர் துயரின் காரணத்தை ஆராயாது அமைதி கொள்ளுதல் கூடும். தனித்து நிற்கும் பெருமிதம், தம்போன்று தோன்றாத உழைப்பாளரை இகழும் மனப்பான்மையாகவும் மாறிவிடும்.

ஆயினும் இக்கோலத்துக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய விலையை நாம் மறத்தல் இயலாது. 2007 ஆகஸ்ட் மாதத்தில், ஒருகாலத்தில் பஞ்சாலை நகராகவிருந்த பேக்கப்பில், சோபி லங்காஸ்ரர் என்ற இருபது வயதுப் பெண் பூங்காவொன்றில் பதின்ம வயதினர் சிலரால் மிதித்துக் கொல்லப்பட்டாள். தாக்கப்பட்ட தன் காதலனின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தபோதே அவள்மீதும் அவர்கள் பாய்ந்தனர். அவளுடைய குற்றம் தோற்றமே. 2008இல் இருவர் கொலைக்குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். அவளுடைய தாய் சில்வியா 2022இல் இறக்கும்வரை பாடசாலைகளிலும் பொது மேடைகளிலும் இதற்காகப் போராடினார். 2013இல் மான்செஸ்ரர் பெருநகரப் பொலிசார் இத்தகைய உபகலாசாரத்தினர்மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதியத் தொடங்கினர். இளமை விளையாட்டு என்று கருதப்பட்ட ஒன்று சட்டத்தின் வினாவாயிற்று. சோபிக்கு முப்பது வயதும் கிட்டவில்லை. கறுப்பாடையில் முதிரும் வாய்ப்பே அவளிடமிருந்து பறிக்கப்பட்டது.

ஆகவே, முதிர்ந்த கோத் ஒருவரைப் பார்த்து ‘இன்னுமா?’ என்று கேட்பது தவறான வினா. யாருடன், யாருக்காக, எவருடைய உழைப்பின்மீது என்பனவே கேட்கவேண்டியவை. தன் அழகை மட்டும் பேணுபவர் வயது முதிர்ந்தும் நுகர்வோராகவே நிற்பார். தன் கூட்டத்து இளையோர் அஞ்சாது தெருவில் நடக்க வழிசெய்பவரோ, எந்நிறத்தில் உடுத்திருந்தாலும், முதிர்ச்சி பெற்றவர். மாணவரின் தலைமயிரையும் உடையையும் நாள்தோறும் அளந்துபார்க்கும் ஆசிரியப் பெருமக்கள் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் நன்று.