இப்னு பதூதாவின் இலங்கை: சான்றாகவும் கதையாகவும்

எங்கட ஆக்கள் வெளியிடும் எந்த மலரை எடுத்தாலும், பள்ளிவாசல் திறப்பு விழா மலரோ பாடசாலை வெள்ளி விழா மலரோ, முதற் கட்டுரையில் இப்னு பதூதா வந்துவிடுவார். 1344இல் இங்கு வந்தார், முஸ்லிம்களைக் கண்டார், அரசன் அவரைக் கண்ணியப்படுத்தினான் என்று மூன்று வசனம். அத்தோடு அவருடைய வேலை முடிந்துவிடும். நானும் இரண்டு மலர்களில் அப்படி எழுதியவன்தான்.

போன வருஷம் உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அவர் எழுதினது எல்லாம் நடந்ததா?" "ஓம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரிஹ்லாவின் இலங்கைப் பகுதியை முதன்முறையாக முழுதாக வாசித்தபோது, அந்த "ஓம்" அவசரப்பட்ட பதில் என்று விளங்கியது.

முதலில் அந்த நூல் உருவான விதத்தைப் பார்ப்போம். 1304இல் தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா, மாலைதீவில் காதியாக இருந்துவிட்டு இங்கு வந்தார். நூல் உருவானதோ மொரோக்கோவின் பெஸ் நகரில். மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் வாய்மொழியாகச் சொன்னதை இப்னு ஜுஸை என்ற இலக்கியவாதி எழுதி, செப்பஞ்செய்து 1356இல் முடித்தார். இடையில் பன்னிரண்டு வருடங்கள். குறிப்பேடாவது கையில் இருந்ததா? புகாராவில் எழுதிக்கொண்ட குறிப்புகள் இந்தியக் கடலில் கொள்ளை போனதாக அவரே சொல்கிறார். இலங்கை அரசன் கொடுத்த மாணிக்கங்களும் கடற்கொள்ளையரிடம் போயின. ஆகவே நாம் வாசிப்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் ஞாபகம், அதுவும் இன்னொருவரின் பேனாவால் வந்தது. இதைச் சொல்வதால் நூலின் மதிப்புக் குறையாது. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைத்தான் இது சொல்லித் தருகிறது.

யானைக் கதையை எடுத்துக்கொள்வோம். ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் அபூ அப்தில்லாஹ் இப்னு கபீப் முப்பது பக்கீர்களோடு பாவா ஆதம் மலைக்குப் போகிறார். பசி தாங்காத சீடர்கள் ஷெய்கின் சொல்லை மீறி யானைக் குட்டியொன்றைக் கொன்று தின்கிறார்கள். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொல்கின்றன. உண்ணாத ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விடுகிறது.

இப்னு கபீப் 982இல் மறைந்தவர். இப்னு பதூதாவுக்கு முன்னூற்றறுபது வருஷம் முந்தியவர். அதைவிட, இதே யானைக் குட்டிக் கதை 1273இல் மறைந்த மௌலானா ரூமியின் மஸ்னவி மூன்றாம் பாகத்திலும் இருக்கிறது. அங்கே ஷெய்கும் இல்லை, எங்கட மலையும் இல்லை. ஊர் ஊராக அலைந்த கதையொன்று இந்த மலையில் வந்து தங்கியிருக்கிறது. நடந்ததா என்று கேட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. யார் இதை இங்கே சொல்லித் திரிந்தார்கள் என்று கேட்டால் ஒரு தடம் தெரியும். குனகார் என்ற தலைநகருக்கு வெளியே பள்ளிவாசல் வைத்திருந்த ஷெய்க் உஸ்மானும் ஷீராஸ்காரர்தான். புத்தளத்தில் அவர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் எழுதுகிறார். எங்கட மலர்களில் 'அரபு வணிகர்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடும் உலகத்துக்குள் பாரசீகத்தின் பங்கு எவ்வளவு பெரியது!

இதற்குக் கல்லும் துணை நிற்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு வந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகளைப் பதிகிறது. முஸ்லிம்களுக்காக வெட்டிய பகுதி அரபில் இல்லை, பாரசீகத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தமிழ்ப் பகுதி போற்றும் தெனாவரைக் கோயிலைத்தான் இப்னு பதூதா 'தீனவர்' என்று வர்ணிக்கிறார். 1344இல் அரசனுக்குப் பாரசீகம் தெரியும் என்பதை இந்தக் கல் நிரூபிக்காது. ஆனால் அவரை அறியாதவர்கள், அறுபத்தைந்து வருஷம் கழித்து, வேறு நோக்கத்துக்காக வெட்டிய கல் அவருடைய இரண்டு குறிப்புகளோடு பொருந்திப் போகிறது. மலர்களில் யாரும் மேற்கோள் காட்டாத இரண்டு குறிப்புகள்!

மறுபக்கம், நாம் விரும்பி எடுக்கும் இடங்களில் பாதியை விட்டுவிடுகிறோம். ஷெய்க் உஸ்மானை அரசனும் மக்களும் மதித்தார்கள் என்று எழுதுவோம். அவர் ஒரு பசுவை அறுத்தார், மரண தண்டனைக்குரிய அந்தக் குற்றத்துக்கு, மதிப்புக்குரியவர் என்பதால் கையும் காலும் மட்டும் வெட்டப்பட்டன, ஒரு சந்தையின் வருமானம் அவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை எழுத மாட்டோம். மதிப்பு, தண்டனை, சலுகை மூன்றும் ஒரே வாழ்க்கையில். சிறுபான்மையாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் இடம் அந்தப் பகுதியில் இல்லை. நாம் பாதியைச் சொன்னால், நாளைக்கு வேறொருவர் மற்றப் பாதியைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்போது எங்கட பிள்ளைகளிடம் பதில் இருக்காது. குனகார் எது என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மலர்களிலோ அது எப்படியும் எழுதுகிறவரின் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நூல் பெயர் சொல்லும், கூட்டியும் சொல்லும். மண்ணுக்குள் கிடப்பது கூட்டிச் சொல்லாது, பெயரும் சொல்லாது. மாந்தை அகழ்வில் 11ஆம் நூற்றாண்டுக்கு முந்திய ஈராக், ஈரான் மட்பாண்டங்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் யார் என்று ஓடு சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். அதற்கு எங்கட கையில் கல் மிஞ்சவேண்டும். கொழும்பின் பத்தாம் நூற்றாண்டுக் கூபி எழுத்துக் கல்லறைக் கல்லைப் பற்றி நாம் பேச முடிவது, 1827இல் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் அதை ஆய்வுலகுக்கு அறியத் தந்ததால். எனக்குத் தெரிந்த ஒரு மையவாடியில் மதில் கட்டும்போது பழைய மீஸான் கற்களை அத்திவாரத்துக்குள் போட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அந்தப் பள்ளிவாசல் மலரிலும் முதற் கட்டுரை இப்னு பதூதாதான்.

அந்த மாணவிக்கு இந்த வருஷம் திருத்திச் சொன்னேன்: "எல்லாம் நடந்தது என்று சொல்ல ஏலாது மகள். எது நடந்தது, எது கேட்டது, எது கூட்டினது என்று பிரிச்சுப் பார்ப்போம்." வகுப்பில் அந்தப் பகுதியை முழுதாக வாசித்தோம், வெட்டிய கையையும் காலையும் விடாமல். பிள்ளைகள் எங்கட பழைமையைச் சந்தேகிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் ஊர் மையவாடிக்குப் போய், பழைய மீஸான் கற்களைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.