யானை தாங்கும் கேடயம்

பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை மதிலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னம் நினைவுக்கு வரும். 1751-இல் இதன் அருகே நடந்த வாலிகண்டபுரப் போரில், கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரைப் பின்வாங்க வைத்தார்கள். அந்த ஆங்கிலேயப் படைக்கு உணவும் தளவாடமும் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். 1762-இல் அவர் பிரபுவானார். நான் ரசிப்பது அவருடைய மரபுச் சின்னத்தை.

வெள்ளிக் கேடயம். நடுவே குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. பட்டைமேல் மூன்று பொன் நட்சத்திரங்கள். அவ்வளவுதான். வெள்ளிமேல் கறுப்பு, கறுப்புமேல் பொன். உலோக நிறத்தின் மேல் உலோக நிறம் வரக்கூடாது என்பது மரபுச் சின்னக் கலையின் பழைய விதி. போர்க்களப் புழுதியிலும் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காட்டும் தெளிவு அதில் கிடைக்கிறது.

கேடயத்தை இருபுறமும் இரண்டு விலங்குகள் தாங்குகின்றன. ஒன்று கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின்; நம் கோயில் தூண் யாளிக்குத் தூரத்து உறவு. மற்றொன்று யானை. ஆங்கிலேயப் பிரபுவின் சின்னத்தில் நம் மண்ணின் யானை!

வேம்பும் ஆத்தியும் பனம்பூவும் சூடி, மீனும் புலியும் வில்லும் பொறித்தவர்கள் நம் மூவேந்தர். அந்த மரபில் வந்த கண்ணுக்கு சின்னங்களின் இந்த மொழி அந்நியமில்லை. கிளைவ் இந்தியாவில் நடத்திய சூறையாடலை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோடுகளின் சிக்கனம் அழகு.