டெண்டரில் எழுத வேண்டிய ஒரு வரி: லினக்ஸும் டிரைவர்களும்

"லினக்ஸ்ல டிரைவரே போட வேண்டாம், எல்லாம் தானா வேலை செய்யும்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "லினக்ஸ் போட்டா வை-ஃபை வராது, பிரிண்டர் வராது" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எந்த மெஷினில் போட்டார்கள் என்பதைத்தான் இரண்டு பேருமே சொல்வதில்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். சாமளாபுரம், சோமனூர் பக்கம் காடாத்துணி கணக்குப் பார்க்கிற ஆபீஸ்களில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் பல அந்த வாசலைத் தாண்டாது. "லினக்ஸ் போட்டுக்கலாமுங்களா?" என்ற கேள்வி வருகிறது. பதில் சொல்லும் முன் டிரைவர் விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

விண்டோஸில் பெரும்பாலும் கருவியைச் செய்த கம்பெனிதான் டிரைவர் எழுதித் தரும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு சிப் சந்தைக்கு வந்து, அதன் டிரைவர் கெர்னலில் சேர்ந்து, அந்தக் கெர்னல் உங்கள் உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதனால் ஐந்தாறு வருஷப் பழைய மெஷினில் லினக்ஸ் சும்மா ஓடும். போன மாதம் வந்த லேப்டாப்பில் திணறலாம்.

இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, ஃபர்ம்வேர். பல வை-ஃபை சிப்களுக்குள் ஒரு சின்னக் கோப்பை ஏற்றினால்தான் அவை கண் விழிக்கும். அதன் மூலநிரலைக் கம்பெனிகள் பொதுவாகத் தருவதில்லை. இரண்டாவது, கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர். கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். ஆனால் செக்யூர் பூட் இயங்கும் மெஷினில், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. "அப்டேட் போட்டேன், வை-ஃபை போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். கிரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அன்றைய பாடு கழிந்துவிடும். நோய் அப்படியே இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மாநிலத்தின் மிகப் பெரிய லினக்ஸ் முயற்சியைப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது பாஸ். லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில், தமிழ் வசதியோடு, ஒரு கட்டற்ற இயங்குதளம் போய்ச் சேர்ந்தது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த வருஷம் டெபியன் இருந்த நிலையைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-இன் கெர்னல் 2.6.32. அது 2009 டிசம்பரில் வெளியானது. மேலும், கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களைக் கெர்னலிலிருந்து முழுமையாக நீக்கிய முதல் டெபியன் பதிப்பும் அதுதான். கொள்கையளவில் நேர்மையான முடிவு. ஆனால் கிராமத்தில் இருக்கும் ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு அதன் பொருள் வேறு. ஏதோ காரணத்தால் டெபியனைப் புதிதாகப் போட நேர்ந்தால், வை-ஃபைக்கான கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வை-ஃபை வேண்டும். இந்த முடிச்சை டெபியன் அவிழ்த்தது 2023 ஜூனில், 12-ஆம் பதிப்பில்தான். அப்போதிருந்துதான் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே அந்த ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன.

"பசங்களுக்கு ஆர்வமில்லை, பாஸை அழிச்சிட்டு படம் பார்க்குறாங்க" என்று சலித்துக்கொண்டார்கள் நம் லினக்ஸ் நண்பர்கள் பலர். இந்தக் குற்றச்சாட்டு நியாயமில்லை. கொடுக்கிற நாளில் எல்லாம் இயங்கும்படி அமைத்துக் கொடுப்பது எளிது. மூன்றாவது வருஷம் அடுத்த பதிப்புக்கு யார் ஏற்றிவிடுவார்கள்? டெபியன் 6-க்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவும் 2016 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்குள் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். பராமரிக்கிற பொறுப்பை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு ஆர்வமில்லை என்பது என்ன கணக்கு?

எங்கள் பக்கம் தறி வாங்குகிறவர் விலைக்கு அடுத்து கேட்பது, ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். கம்ப்யூட்டர் வாங்கும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் லினக்ஸும் சேருமானால் டெண்டரில் ஒரு வரி இருக்க வேண்டும்: எல்லாப் பாகங்களும் வெளி டிரைவர் இல்லாமல், பொதுக் கெர்னலிலேயே இயங்க வேண்டும். அத்தனை லட்சம் மெஷின் வாங்குகிறவர் கேட்டால் சிப் கம்பெனி காது கொடுக்கும். தனியாள் கேட்டால் கொடுக்காது.

தனியாள் செய்யக்கூடியது கம்மிதான், ஆனால் இருக்கிறது. பென்டிரைவில் லைவ் லினக்ஸோடு கடைக்குப் போங்கள். வை-ஃபை, சத்தம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். இருக்கிற மெஷினை மாற்றுவதென்றால் பிரிண்டரை முதலில் பாருங்கள். ஆபீஸ்களில் நிறையப் புழங்கும் கேனன் எல்பிபி 2900 கம்பெனியின் சொந்த மொழியில் பேசுவது. தனி டிரைவர் இல்லாமல் நகராது. டேலி விண்டோஸுக்கான மென்பொருள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் செருகிப் பாருங்கள். இவை மூன்றும் அன்றாடம் வேண்டுமென்றால் கணக்கு மெஷினை விட்டுவிட்டு, வீட்டில் பிள்ளைகள் படிக்கிற மெஷினில் லினக்ஸ் போடுங்கள். இதைச் சொன்னால் லினக்ஸுக்கு விரோதி என்கிறார்கள். போட்ட மறுவாரமே அழிக்கப்படுகிற லினக்ஸைவிட, போடாத லினக்ஸ் அதற்குக் குறைந்த கெட்ட பெயரைத்தான் வாங்கித் தரும்.