ஒரு தெருவும் சில குடங்களும்

நகரத்தைப் பற்றி நாவல் எழுதப் புகுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பலருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அவற்றை ஒரு முடிச்சில் கட்டவும் வேண்டும். கிராமத்துக் கதையில் இது கஷ்டமில்லை. எங்கள் மம்சாபுரத்தில் யாரைத் தொட்டாலும் மாமன், மச்சான், சம்பந்தி என்று ஒரு முறை வந்து நிற்கும். பட்டணத்தில் அப்படி இல்லை. ஆகவே ஆசிரியர்கள் காணாமற்போன தம்பியையோ, கைமாறிய கடிதத்தையோ துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள்.

அசோகமித்திரனுக்கு அந்தத் துணை வேண்டியிருக்கவில்லை. 1973-இல் நூலாக வந்த 'தண்ணீர்' நாவலில், சென்னையின் ஒரு தெருவில் குழாய் வறண்டுபோனதைச் சொன்னார், அது போதுமாயிற்று. குடத்தை எடுத்துக்கொண்டு யாரும் வெளியே வரத்தான் வேண்டும். வந்தால் அடுத்த வீட்டுத் துயரம் கண்ணில் படாமல் இராது.

சினிமா ஆசை காட்டிய பாஸ்கர் ராவை நம்பிக் கெட்ட ஜமுனா. கணவன் பட்டாளத்தில் இருக்க, உத்தியோகம் பார்க்கும் தங்கை சாயா. நோயாளிக் கணவனோடு மல்லாடும் டீச்சரம்மா. இவர்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் சதி எதுவும் பின்னவில்லை. "இதில் கதை எங்கே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் பேசும் பகுதியை அவர்கள் மறுபடி படிக்க வேண்டும். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தான் பட்டதைச் சொல்கிறாள். சாக நினைத்த ஒருத்திக்கு அதிலிருந்து பிழைத்திருக்கத் தைரியம் பிறக்கிறது. கதை அதுதான்.

குறையும் உண்டு. ஜெமினி ஸ்டுடியோவில் 1966 வரை பல ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரன் சினிமாக்காரர்களை நன்றாக அறிந்தவர். இருந்தும் பாஸ்கர் ராவின் மனத்துக்குள் அவர் நம்மை அழைத்துப் போவதில்லை. பெண்கள் உயிரோடு நடமாடும் தெருவில் ஆண்கள் நிழலாகவே வந்து போகிறார்கள்.

2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டன. அதன் பிறகு இந்நாவலைப் பஞ்சக் கதையாக மட்டும் படிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் பஞ்சம் ஒரு நல்ல மழையில் தீர்ந்துவிடும். ஜமுனா எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால், அத்தனை உறவு முறையும் ஒன்று கூடி அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும். நகரம் கருணை மிக்கது என்று ஆசிரியர் சொல்லவில்லை. அந்தத் தெருவிலும் வம்புக்குக் குறைவில்லை. ஆயினும் முறை சொல்லி அழைக்க ஆளில்லாத இடத்தில், ஒருத்தி இன்னொருத்திக்கு மனுஷியாக வந்து நிற்கிறாள். நம் கிராமத்து நாவல்கள் பெருமையோடு பேசும் சொந்தபந்தத்தில் இது எவ்வளவு இருக்கிறது?